திண்டிவனத்தில் மூன்று முறை தட்டிய கதவு

மலருக்கு ஏதாவது எழுது என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, ஹாஸ்டல் நினைவுகளை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை என்னைவிட நன்றாக எழுத நம்மில் பலர் உண்டு. அதனால் ஒரு டாக்டரம்மாவைப் பற்றி எழுதுகிறேன். எஞ்சினியர்கள் மலரில் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என் ஊர் மரக்காணம். உப்பளத்து ஊர். எங்களுக்கு சினிமாவோ ஆஸ்பத்திரியோ ரயிலோ, எதுவானாலும் திண்டிவனத்துக்குத்தான் பஸ் ஏறணும். அந்தத் திண்டிவனத்தில் 1890-களின் தொடக்கத்தில் ஓர் இரவு நடந்த சம்பவத்திலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது.

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். இவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து, பிறகு சென்னைக்கு மாறிய மருத்துவ மிஷனரி. அப்பாவும் டாக்டர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தைச் சிறுமியாக நேரில் கண்டவர் ஐடா. அந்தப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துக் கால்வாய் வெட்டினார்கள். அதே பக்கிங்ஹாம் கால்வாய்தான் தெற்கே எங்க ஊர் வரை வருகிறது. சிவில் மாணவர்கள் கவனிக்க!

படிக்க அமெரிக்கா போன ஐடாவுக்கு இந்தியா திரும்பும் எண்ணமே இல்லை. பஞ்சமும் வெயிலும் நோயும் போதும் என்றிருந்தது. திண்டிவனத்தில் அம்மா உடம்பு முடியாமல் இருந்ததால், பார்த்துக்கொள்ள வந்தார். சில காலம் இருந்துவிட்டுக் கிளம்புவதாகத்தான் திட்டம்.

ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமணர் நின்றார். அவருடைய இளம் மனைவி பிரசவத்தில் தவிக்கிறாள், வந்து பார்க்க வேண்டும் என்றார். தான் டாக்டர் இல்லை, அப்பா வருவார் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவர் திரும்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். பிறகு இன்னொரு இந்து வந்தார். மூவருக்கும் ஒரே தேவை, மூவரிடமிருந்தும் ஒரே பதில். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. பக்கத்து அறையில் டாக்டர் இருந்தும் இந்த மூன்று சாவு.

அந்தக் காலையில் ஐடாவின் திட்டம் மாறியது. அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்து, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900 தொடக்கத்தில் வேலூருக்கு வந்தார். மகளுக்குத் தொழில் பழக்கியிருக்க வேண்டிய அப்பா அந்த ஆண்டு மே மாதமே காலமானார். பங்களாவில் ஒரு சின்ன அறைதான் கிளினிக். சமையல்காரரின் மனைவிதான் முதல் உதவியாளர். இரண்டே வருடத்தில் ஐயாயிரம் நோயாளிகள். அமெரிக்க வங்கியாளர் ஷெல் தன் மனைவி நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலரில், 1902-இல் நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி எழுந்தது.

அது காலராவும் பிளேக்கும் பெரியம்மையும் சர்வசாதாரணமாக உலவிய காலம். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று ஐடா உட்கார்ந்திருக்கவில்லை. முதலில் மாட்டு வண்டி, பிறகு ஒரு சின்ன மோட்டார் கார். குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி வைத்தியம் பார்த்தார். தொழுநோயாளிகளும் அங்கே வந்து காத்திருந்தார்கள்.

ஆனால் தன் இரண்டு கை போதாது என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. தான் ஒருத்தி எத்தனை கதவுக்குப் போக முடியும்? போகத் தெரிந்தவர்களை உண்டாக்கணும். 1909-இல் நர்சுகளுக்குப் பள்ளி. அடுத்து பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. ஆறு பெண்கள் கிடைத்தால் நடத்துங்கள் என்று அரசின் மருத்துவத் தலைமை அதிகாரி நம்பிக்கையில்லாமல்தான் சம்மதித்தார். 1918-இல் வந்து குவிந்த விண்ணப்பம் 151! அந்தக் கூட்டத்திலிருந்து எடுத்தவர்களில் பதினான்கு பேர் கடைசி வரை நின்றார்கள். முதல் பரீட்சையில் மாகாணத்து ஆண் மாணவர்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார். வேலூர்ப் பெண்கள் பதினான்கு பேரும் பாஸ். பாடத்தின் பாதி வகுப்பறையில், மீதி கட்டிலோரத்திலும் சாலையோரத்திலும்.

1930-களின் இறுதியில் பட்டயப் படிப்பு செல்லாது, பல்கலைக்கழகப் பட்டம்தான் வேண்டும் என்று அரசு சொன்னது. கட்டடம், ஆய்வகம், பேராசிரியர்கள் எல்லாவற்றுக்கும் பெரும் பணம் தேவை. எழுபது வயதைத் தாண்டிய ஐடா, உலகப் போர் நேரத்தில் அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வந்தது. 1947-இல் ஆண்களையும் சேர்த்தார்கள். பிறகு ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் மருத்துவர் தலைமை ஏற்றார். 1960 மே 24 அன்று கொடைக்கானலில் ஐடா மறைந்தார். 2000-ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் உருவாக்கிய வேலூர் மருத்துவக் கல்லூரிக்குத் தபால் தலை வெளியிட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2019 டிசம்பரில் அம்மாவுக்குக் காய்ச்சல். உப்பளத்துக்கு அப்பால் வேலிகாத்தான் புதரில் விறகு பொறுக்கும் பழக்கம் அம்மாவுக்கு. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு நாள் ஊசி போட்டார்கள். விலை கூடிய ஊசிதான். ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு இரைக்க ஆரம்பித்தது. வந்தவாசி, ஆரணி வழியாக ராத்திரியோடு ராத்திரியாக வேலூர் கொண்டு போனோம். அம்மா பிழைப்பாளா என்று சித்தப்பா கேட்டபோது எனக்கு வாயே வரவில்லை.

வேலூரில் தொற்று நோய்க்கென்றே தனித் துறை இருக்கிறது. மேற்படிப்பு படிக்கும் இளம் டாக்டர்களைச் சில வாரம் அங்கே போடுவார்கள். எலும்புப் பிரிவு, அறுவைப் பிரிவு, தீவிர சிகிச்சை என்று எங்கிருந்து அழைப்பு வந்தாலும் பயிற்சி டாக்டர்தான் முதலில் போகணும். நோயாளியைப் பார்த்து, சார்ட்டைப் புரட்டி, ரத்தக் கல்ச்சர் என்ன சொல்கிறது என்று ஆய்வகத்தில் விசாரித்து, வந்து பெரியவரிடம் ஒப்பிக்கணும். பெரியவர் கேள்வி கேட்பார். மறுபடி இருவரும் கட்டிலுக்கே வருவார்கள். எந்த மருந்து கொடுப்பது என்பதோடு, எதைக் கொடுக்கக் கூடாது, எதை எப்போது நிறுத்துவது என்பதும் பாடம்தான்.

அம்மாவைப் பார்க்க வந்தது ஒரு சின்னப் பெண். எல்லாம் குறித்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, எங்களை வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தாள். தலை முதல் கால் வரை பார்க்காமல் வந்துவிட்டாயே என்று பெரியவர் திருப்பி அனுப்பினாராம், பிறகு அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். இடுப்பில் கொசுவம் செருகும் இடத்துக்குக் கீழே, சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருந்தது. வலியில்லாததால் அம்மாவுக்கே தெரியாது. அங்கே முன்னால் யாரும் பார்க்கவில்லை. ஆண் டாக்டரிடம் அம்மா காட்டியிருக்கவும் மாட்டாள்.

அது ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது. எல்லோருக்கும் அந்தப் பொருக்கு இருக்காது, இருந்தால் நோயைக் காட்டிக் கொடுத்துவிடும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். முன்பு போட்ட விலை கூடிய ஊசிகள் இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின் என்ற பழைய, மலிவான மருந்து கேட்கும். இரண்டாம் நாளே அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது. இந்த நோய் முற்றினால் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று 2023-இல் உலகுக்குக் காட்டிய ஆய்வும் வேலூர் டாக்டர்கள் முன்நின்று நடத்தியதே.

திண்டிவனத்தில் அந்த மூன்று கணவர்களும் தேடி அலைந்த பெண் டாக்டர், நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து என் அம்மாவின் கட்டிலுக்கு வந்தாள். முதல் தடவை அவளும் தவறவிட்டாள் என்பதையும் மறக்கக் கூடாது. திட்டாமல் திருப்பி அனுப்ப ஒரு பெரியவர் இருந்தார். ஐடா விட்டுப் போன கட்டடங்களைவிட இந்தப் பழக்கம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

என் விஷயத்துக்கும் வருகிறேன். சைட்டிலிருந்து ஜூனியர் பையன் ராத்திரி போன் செய்து, கம்பி கட்டியதில் சந்தேகம் என்பான். டிராயிங்கைப் பார்த்துச் செய்யப்பா என்று படுத்தபடியே பதில் சொன்னவன் நான். இப்போது அப்படிச் சொல்வதில்லை. போகிறேன். அவனையே முதலில் அளக்கச் சொல்கிறேன். தப்பாக அளந்தால் மறுபடி அளக்கச் சொல்லி, கூடவே நிற்கிறேன்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, நீங்களும் நாளைக்கு யாருக்காவது சீனியர் ஆவீர்கள். உங்கள் கதவையும் தட்டுவார்கள். அம்மா நலமாக இருக்கிறாள். விறகுக்குப் போகாதே என்றால்தான் கேட்பதில்லை.