கூடைப்பந்தைப் பங்குகளுக்குக் கொண்டுவந்த ஆயர்

விழா மலர் என்றால் பங்கின் வரலாறும், பங்குத் தந்தையரின் பட்டியலும், நன்கொடையாளரின் படங்களும் இடம்பெறுவது வழக்கம். அவற்றினிடையே அமெரிக்க நாட்டு ஆயர் ஒருவருடைய வாழ்க்கைக்கு என்ன வேலை என்று அன்புமிக்க பங்கு மக்களில் சிலர் வினவக்கூடும். மாலை வேளையில் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்துவிட்டு, கோயிலுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் பெரியவர்கள் எல்லாப் பங்குகளிலும் உண்டு. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளையே பதிலாகக் கொடுத்தவர் சிகாகோ துணை ஆயர் பெர்னார்டு ஜேம்ஸ் ஷீல் ஆண்டகை. ஆதலின் அவரைப்பற்றி எழுதத் துணிந்தோம்.

1880களின் பிற்பகுதியில் சிகாகோ மாநகரில், ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் ஷீல் பிறந்தார். இல்லினாய் மாநிலத்திலேயே புர்போனே என்னும் சிற்றூரில் இருந்த புனித வயேட்டர் கல்லூரியில் கல்வி கற்றார். அங்கே அவர் பேர் வாங்கியது படிப்பைவிடப் பேஸ்பால் ஆட்டத்தில்தான். நம் கிரிக்கெட்டில் பந்து வீசுபவருக்கு உள்ள இடம் அந்த ஆட்டத்தில் பந்து எறிபவருக்கு உண்டு. ஷீல் அதில் கெட்டிக்காரர். சம்பளத்திற்கு ஆடும் பெரிய குழுக்கள் அவரை அழைத்தன என்றும், அவர் குருத்துவத்தைத் தேர்ந்துகொண்டார் என்றும் சொல்வார்கள். 1910ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார்.

முதல் உலகப் போரின்போது கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி நிலையத்தில் ஆன்ம குருவாக இருந்தார். போர் முடிந்தபின் சிகாகோவில் திரு இருதய நாதரின் சிலுவைப்பாதையை அவர் கண்கூடாகக் கண்ட இடம் ஒன்று உண்டென்றால், அது குக் மாவட்டச் சிறைச்சாலைதான். அங்குக் கைதிகளின் ஆன்ம குருவாகப் பணியாற்றிய அவர், தூக்குத்தண்டனை பெற்ற இளைஞர்களோடு தூக்குமேடை வரை நடந்து சென்றவர். சாகப்போகிற நேரத்தில் எல்லோரும் தன்னைச் சூழ்ந்து அக்கறை காட்டுவதையும், சிறுவனாகத் தெருவில் திரிந்தபோது ஒருவரும் ஏறெடுத்துப் பாராததையும் அவர்களில் ஒருவன் சுட்டிக்காட்டினான் என்று ஷீல் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்ததுண்டு. அந்தப் பையன்கள் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஏதோவொரு பங்கைச் சேர்ந்தவர்கள் என்பதை ஒரு குரு எப்படி மறக்க முடியும்?

அன்றைய சிகாகோ எப்படிப்பட்ட ஊர் என்பதையும் சொல்ல வேண்டும். ஐரிஷ்காரருக்கு ஒரு கோயில், போலந்துக்காரருக்கு ஒரு கோயில், ஜெர்மானியருக்கு, இத்தாலியருக்கு, லித்துவேனியருக்கு என்று தனித்தனிக் கோயில்கள் இருந்தன. அடுத்தடுத்த தெருக்களில் ஒரே திருப்பலி நடக்கும், ஆனால் ஒருவர் கோயிலுக்கு மற்றவர் போகார். இது நமக்குப் புரியாத செய்தியன்று. மேலே விளக்க வேண்டியதில்லை. இவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஒதுக்கியது கறுப்பின மக்களை. 1919ஆம் ஆண்டு கோடையில் அந்நகரில் மூண்ட இனக்கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அவர்களில் 23 பேர் கறுப்பினத்தார். 1917இலேயே பேராயர் மண்டலைன், புனித மோனிக்கா பங்கைக் கறுப்பினக் கத்தோலிக்கருக்கு உரியதென ஒதுக்கியிருந்தார். அடிமையாகப் பிறந்து 1886இல் ரோமையில் குருப்பட்டம் பெற்றவரும், 2019இல் வணக்கத்துக்குரியவர் என அறிவிக்கப்பட்டவருமான அருட்தந்தை அகஸ்டஸ் டால்டன் வளர்த்த பங்கு அது. மரியாதையாகச் சொல்லப்பட்டாலும் ஒதுக்கீடு ஒதுக்கீடுதானே!

அதே மண்டலைன் 1924இல் கர்தினாலானார். ஷீலைத் தம் வலக்கரமாகக் கொண்டவரும் அவரே. 1928இல் ஷீல் துணை ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இரண்டே ஆண்டில், 1930இல், கத்தோலிக்க இளைஞர் அமைப்பைத் தொடங்கினார். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு அதனை சி.ஒய்.ஓ. என்பார்கள். பொருளாதார வீழ்ச்சியால் ஆலைகள் மூடிக்கிடந்த காலம். கள்ளச்சாராயக் கும்பல்கள் தெருவுக்குத் தெரு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த காலம். வேலையற்ற பையனுக்குப் பணமும் மதிப்பும் தர அவர்கள் தயாராயிருந்தார்கள். கோயில் என்ன தந்தது? ஞாயிறு பிரசங்கம் தந்தது.

இன்னொரு கவலையும் ஆயர்களுக்கு இருந்தது. கூடைப்பந்து ஆட்டம் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரால் கண்டுபிடிக்கப்பட்டது. பீச் பழக் கூடைகளை உயரத்தில் அடித்து, குளிர்காலத்தில் மண்டபத்துக்குள் ஆடுவதற்கென்று அவர் அமைத்த ஆட்டம் அது. ஒய்.எம்.சி.ஏ. பிராட்டஸ்டண்டு சகோதரர்களுடைய இயக்கம். ஆட்டத்தை நாடிப் போகும் கத்தோலிக்கப் பிள்ளைகள் விசுவாசத்தையும் அங்கேயே விட்டுவிடுவார்களோ என்ற அச்சம் அந்நாளில் பரவியிருந்தது. (சென்னையில் 1920இல் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கியதும் ஒய்.எம்.சி.ஏ.தான். நம் நாட்டில் கூடைப்பந்து பரவியதில் அந்த இயக்கத்தாரின் பங்கு பெரிது. அதற்காக நாம் நன்றி கூறுவதே முறை.) பிள்ளைகளைத் தடுப்பதற்குப் பதிலாக ஆட்டத்தையே பங்குக்குள் அழைத்துவந்தார் ஷீல்.

சி.ஒய்.ஓ.வுக்குப் பத்திரிகைகளில் பேர் வாங்கித் தந்தது குத்துச்சண்டை. 1931 முதல் சிகாகோ ஸ்டேடியத்தில் நடந்த இறுதிப் போட்டிகளைக் காணக் கூட்டம் அலைமோதியது. ஆயர் குத்துச்சண்டை நடத்துவதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் நம் கருத்தில், பங்குகளை அசைத்தது கூடைப்பந்துதான். குத்துச்சண்டையில் ஒருவன் ஜெயிப்பான். கூடைப்பந்தில் ஐந்து பேர் சேர்ந்தாக வேண்டும், வெளியே காத்திருக்க இன்னும் சிலர் வேண்டும், பயிற்சி கொடுக்கத் துணைக்குரு வேண்டும், சட்டை தைக்கத் தாய்மார்கள் வேண்டும், கைதட்டப் பங்கு முழுவதும் வேண்டும். செலவோ ஒரு பந்து, இரண்டு வளையம். சிகாகோவின் கடுங்குளிரில், பள்ளிக்கூட மண்டபம் ஒன்று இருந்தால் போதும். நூற்றுக்கும் மேற்பட்ட பங்குகள் குழு அனுப்பின. மண்டபம் இல்லாத பங்கு அடுத்த பங்கின் மண்டபத்தை நாட வேண்டியதாயிற்று. போலந்துக்காரர் பையன்கள் ஐரிஷ் கோயிலின் படியேறியது அப்படித்தான்.

உயர்நிலைப் பள்ளிகளிலும் இந்த ஆட்டம் ஏற்கெனவே வேர்விட்டிருந்தது. பல மாநிலங்களில் கத்தோலிக்கப் பள்ளிகள் அரசுப் பள்ளிகளின் போட்டிகளில் சேர்க்கப்படவில்லை. எனவே சிகாகோவில் சேசு சபையாரின் லயோலா பல்கலைக்கழகம் 1924 முதல் 1941 வரை, நாடு முழுவதுமுள்ள கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று ஒரு போட்டியை ஆண்டுதோறும் நடத்திற்று. 1932இல் அதில் வென்றது சிகாகோ புனித பாட்ரிக் பள்ளி. அக்குழுவில் ஆடிய ரே மேயர் என்ற மாணவர் பின்னாளில் டிபால் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக 42 ஆண்டுகள் பணியாற்றினார். அவர் கையில் உருவான முதல் பெரிய வீரர் ஜார்ஜ் மைக்கன். மூக்குக்கண்ணாடி அணிந்த பையனுக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது என்று உயர்நிலைப் பள்ளியில் ஒதுக்கப்பட்டவர் அவர். குருவாக எண்ணிச் சிகாகோவின் குவிக்லி சிறு குருமடத்திலும் படித்தார். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தலைசிறந்த கூடைப்பந்து வீரர் என 1950இல் பத்திரிகையாளர்கள் அவரையே தெரிந்தெடுத்தனர். குருமடம் இழந்ததைக் கூடைப்பந்து பெற்றது என்று நம்மைப் போன்றோர் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றினும் மேலாக நாம் சொல்ல விரும்புவது புனித எலிசபெத் பங்கைப் பற்றியது. 1924இல் புனித மோனிக்கா பங்கு இதனுடன் இணைக்கப்பட்டது. எஸ்.வி.டி. சபைக் குருக்கள் பங்கை நடத்தினர். புனித கேத்தரின் டிரெக்செல் நிறுவிய சபைக் கன்னியர் பள்ளியில் கற்பித்தனர். நகரின் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகள் பல கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கதவடைத்திருந்த அந்நாளில், அவர்களுக்கென்று இருந்த உயர்நிலைப் பள்ளி இங்கேதான் இருந்தது. சி.ஒய்.ஓ. தொடங்கும்போதே ஷீல் இப்பங்கையும் மற்றப் பங்குகளுக்கு நிகராகச் சேர்த்துக்கொண்டார். பேஸ்பாலின் பெரிய லீக்குகளில் கறுப்பினத்தாருக்கு 1947 வரை இடமில்லை. ஆனால் 1930களிலேயே சிகாகோவின் பங்கு மண்டபங்களில் கறுப்புப் பையனும் வெள்ளைப் பையனும் ஒரே பந்துக்குத் தாவினார்கள். கத்தோலிக்கர் அல்லாதவருக்கும் கதவு திறந்திருந்தது. யூத இளைஞர்களின் குழுவோடும் சி.ஒய்.ஓ. குழு ஆடிற்று.

இதனால் சிகாகோவில் இனப்பகை ஒழிந்தது என்று எழுதினால் அது பொய். ஆட்டம் முடிந்ததும் அவரவர் தெருவுக்கு அவரவர் திரும்பினார்கள். கறுப்பினக் குடும்பம் ஒன்று தங்கள் வட்டாரத்தில் குடியேறினால் கல்லெறிந்த கூட்டங்களில் கத்தோலிக்கர்களும் இருந்தார்கள். ஷீல் இனப்பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தார். பங்குகளின் எல்லைக்கோட்டை அழிக்க அவராலும் முடியவில்லை. 2001ஆம் ஆண்டில்கூட, அந்நகரின் தென்பகுதிப் பங்குப் பள்ளிகளின் விளையாட்டுச் சங்கம், கறுப்பின மக்களின் புனித சபீனா பங்கைச் சேர்க்க மறுத்தது. பேராயர் கர்தினால் ஜார்ஜ் அதனைக் கண்டித்தார். அதன் பிறகே அந்தப் பங்குக்கு இடம் கிடைத்தது. ஷீல் தொடங்கிய வேலைக்கு எழுபது ஆண்டுகள் போதவில்லை.

விளையாட்டோடு அவர் நின்றுவிடவுமில்லை. 1932இல் லாக்போர்ட் ஊரருகே, ஏழைப் பையன்கள் விமானத் தொழில் கற்க ஒரு பள்ளி தொடங்கினார். அதுவே இன்றைய லூயிஸ் பல்கலைக்கழகம். 1939 ஜூலையில் இறைச்சி ஆலைத் தொழிலாளர்களின் பெருங்கூட்டத்தில், தொழிற்சங்கத் தலைவர் ஜான் லூயிசோடு மேடையேறினார். ஆலை முதலாளிகளுக்கு அது கசந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கர்தினால் மண்டலைன் இறந்தார். அடுத்த பேராயர் ஷீல்தான் என்று பலர் எதிர்பார்த்தனர். வந்தவர் பேராயர் ஸ்டிரிட்ச். தனக்கென ஒரு மறைமாவட்டம் ஷீலுக்குக் கடைசி வரை கொடுக்கப்படவில்லை.

1954 ஏப்ரல் 9 அன்று, மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் கூட்டத்தில் அவர் நிகழ்த்திய உரை நாடெங்கும் பேசப்பட்டது. கம்யூனிஸ்டுகளை ஒழிப்பதாகச் சொல்லி, ஆதாரமின்றிப் பலர்மீது பழி சுமத்திவந்த செனட்டர் மெக்கார்த்தியை அதில் வன்மையாகச் சாடினார். மெக்கார்த்தி கத்தோலிக்கர். கத்தோலிக்கருள் பலர் அவரைக் கொண்டாடிய நேரம் அது. ஷீல் கம்யூனிசத்தை ஏற்றவரல்லர். ஆயினும் நல்ல நோக்கத்துக்குப் பொய்யைக் கருவியாக்கலாகாது என்பதே அவர் வாதம். அவ்வாண்டு செப்டம்பரில் சி.ஒய்.ஓ. தலைமையிலிருந்து விலகினார். உரைதான் காரணம் என்போர் உண்டு. அமைப்பின் கடன் மலைபோல் ஏறியிருந்ததும் உண்மை. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்த கை கணக்குப் பார்க்கவில்லை. பொருளாளர்கள் நொந்துகொண்டிருப்பார்கள், அவர்களையும் குறை சொல்வதற்கில்லை.

1959இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் அவருக்குப் பேராயர் என்னும் பட்டத்தை அளித்தார். 1963இல் லயோலா பல்கலைக்கழகக் குழு, முதல் ஐவரில் நால்வர் கறுப்பினத்தவராக ஆடி, அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் பட்டத்தைச் சிகாகோவுக்குக் கொண்டுவந்தபோது ஷீல் உயிரோடிருந்தார். 1969 செப்டம்பர் 13 அன்று அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் ஆண்டவரில் துயில்கொண்டார். அவர் கட்டியெழுப்பிய பெரிய அலுவலகங்களும் நிலையங்களும் அவர் விலகியபின் ஒவ்வொன்றாகச் சுருக்கப்பட்டன. கூடைப்பந்துப் போட்டிகள் மட்டும் பங்குகளின் கையில் தொடர்ந்து நடந்தன.