கண்ணாடியைக் கழற்றி வைத்த எழுத்தாளர்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தனியார் வகுப்புகள் கலையும் மாலை வேளையில் வீதியோரம் சற்று நின்று பார்த்தால், மூக்குக்கண்ணாடி அணிந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பது புலப்படும். களனியிலிருந்தும் வத்தளையிலிருந்தும் பஸ் ஏறி வந்து, இருட்டிய பின்னர் வீடு திரும்பும் பிள்ளைகளும் இவர்களுள் அடங்குவர். பிள்ளைக்குக் கண்ணாடி தேவை என வைத்தியர் முதன்முதலில் கூறும்போது பெற்றோர் மனம் கலங்குகின்றனர். பெண் பிள்ளை என்றால் அக்கலக்கம் இருமடங்காகிறது. கரட்டும் பொன்னாங்காணியும் சமையலறைக்கு வந்து சேர்கின்றன. கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் கண்ணாடியை வீசிவிடலாம் என எவரேனும் கூறிவிட்டால், அச்சொல்லைப் பற்றிக்கொள்ளவே மனம் விரும்புகிறது.

இந்த ஆசை இன்று நேற்றுத் தோன்றியதல்ல. உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் ஒருவரே இதற்கு ஆட்பட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அது பற்றி ஒரு நூலும் எழுதினார். அவர்தான் அல்டஸ் ஹக்ஸ்லி. பல்கலைக்கழகங்களில் ஆங்கில இலக்கியம் பயின்றோர் அவரது நாவல்களை அறிவர். அவரது கண்களின் கதையை அறிந்தோர் சிலரே. எமது பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய கதை அது என்பதால் இங்கே அதனை நினைவுகூர்கின்றோம்.

1894ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் திகதி இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் ஹக்ஸ்லி பிறந்தார். அறிவுச் செல்வம் நிறைந்த குடும்பம். பாட்டனார் தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக மேடையேறி வாதிட்ட விஞ்ஞானி. மூத்த சகோதரர் ஜூலியன் ஹக்ஸ்லி பிற்காலத்தில் யுனெஸ்கோ நிறுவனத்தின் முதலாவது பணிப்பாளர் நாயகமானார். அல்டஸும் உயிரியல் கற்று வைத்தியராக வேண்டும் என்றே விரும்பினார்.

ஆனால், துன்பங்கள் அடுத்தடுத்து வந்தன. 14 வயதில் தாயை இழந்தார். ஈட்டன் கல்லூரியில் கற்றுக்கொண்டிருந்த 1911ஆம் ஆண்டில், 16 வயதில், அவரது கண்களைக் கடுமையான அழற்சி தாக்கியது. கருவிழியின் முன்னே கண்ணாடி போல் தெளிவாக இருக்க வேண்டிய விழிவெண்படலம் நோயினால் மங்கித் தழும்பேறியது. சுமார் ஒன்றரை ஆண்டு காலம் அவர் ஏறத்தாழப் பார்வையற்றவராகவே வாழ்ந்தார்.

அந்த இளைஞன் இருட்டுக்குள் ஒடுங்கிவிடவில்லை என்பதே வியப்புக்குரியது. விரல் நுனியால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்துக்களைத் தானாகவே கற்றுக்கொண்டான். ஒரு கையால் இசைக்குறிப்பைத் தடவியவாறு மறு கையால் பியானோ வாசிக்கப் பழகினான். தட்டச்சுப் பொறியைத் தொட்டுணர்ந்தே இயக்கி முழு நாவல் ஒன்றை எழுதி முடித்தான். தான் எழுதிய அந்த நாவலை அவன் ஒருபோதும் வாசிக்கவில்லை. பார்வை ஓரளவு திரும்பியபோது கையெழுத்துப் பிரதி தொலைந்து போயிருந்தது.

நோய் தணிந்த பின்னர் ஒரு கண் வெளிச்சத்தையும் இருளையும் மாத்திரமே பிரித்தறிந்தது. மற்றைய கண்ணால், பார்வைப் பரிசோதனை அட்டையின் மிகப் பெரிய எழுத்தைப் பத்தடித் தூரத்தில் நின்று அடையாளங்காண முடிந்தது. நுணுக்குக்காட்டி நோக்க முடியாதவருக்கு வைத்தியத்துறை எட்டாக்கனியாயிற்று. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்று 1916இல் முதல் வகுப்பில் சித்தியெய்தினார். கருவிழியை விரியச் செய்யும் அத்ரோபின் சொட்டு மருந்தை இட்டு, தழும்பைச் சுற்றியுள்ள இடைவெளியினூடாக, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அவர் நூல்களைப் படித்தார் என்பதை எண்ணும்போது அந்தச் சித்தியின் பெறுமதி விளங்கும். முதலாம் உலகப் போரில் சேர முன்வந்தபோது பார்வைக் குறைவால் இராணுவம் அவரை ஏற்கவில்லை. சிறிது காலம் ஈட்டன் கல்லூரியிலேயே ஆசிரியராகப் பணியாற்றினார். பிற்காலத்தில் ஜோர்ஜ் ஓர்வெல் எனப் புகழ்பெற்றவரும் அவரது மாணவர்களுள் ஒருவர்.

1919இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த மரியா என்ற பெண்ணை மணந்தார். அவரது கண்களாக அமைந்தவர் மரியாவே. நூல்களை மணிக்கணக்கில் உரத்து வாசித்துக் காட்டினார். மோட்டார் வண்டி ஓட்டினார். எழுத்துக்களைத் தட்டச்சுச் செய்தார். 1932இல் வெளியான பிரேவ் நியூ வேர்ல்ட் நாவல் ஹக்ஸ்லியை உலகறியச் செய்தது. 1937இல் குடும்பத்துடன் அமெரிக்கா சென்று கலிபோர்னியாவில் குடியேறினார்.

1939ஆம் ஆண்டளவில் தடித்த கண்ணாடிகளை அணிந்தும் வாசிப்பது நாளுக்கு நாள் சிரமமாயிற்று. எழுத்தை நம்பி வாழும் மனிதனுக்கு இதைவிடப் பெரிய அச்சம் வேறில்லை. அவ்வேளையில்தான் டொக்டர் வில்லியம் பேட்ஸ் என்பவரின் முறையை அவர் கேள்வியுற்றார். நியூயோர்க் நகரில் கண் வைத்தியராக இருந்த பேட்ஸ், கண்ணாடியின்றியே பூரண பார்வை பெறலாம் என வாதிட்டு 1920இல் ஒரு நூலை வெளியிட்டிருந்தார். அவர் 1931இலேயே காலமாகிவிட்டமையால், அம்முறையைப் போதித்து வந்த மார்கரெட் கோர்பெட் என்ற பெண்மணியிடம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹக்ஸ்லி பயிற்சி பெற்றார்.

கண்ணின் குறைபாடுகள் அனைத்துக்கும் மன இறுக்கமே மூலகாரணம் என்பது பேட்ஸின் கோட்பாடு. ஆதலால் கண்ணைத் தளர்த்துவதே சிகிச்சை. மூடிய கண்களை உள்ளங்கைகளால் அழுத்தாமல் பொத்திக்கொண்டு முழு இருளை மனத்தில் காணுதல், உடலை மெல்ல இருபுறமும் அசைத்தல், பார்வையை ஓரிடத்தில் குத்தி வைக்காமல் இடம் மாற்றிக்கொண்டிருத்தல், அடிக்கடி இமைத்தல், முகத்தில் வெயில் படச் செய்தல் என்பன அவரது பயிற்சிகள்.

சில மாதங்களில் ஹக்ஸ்லி கண்ணாடியின்றி வாசிக்கத் தொடங்கினார். கால் நூற்றாண்டாக இருந்த தழும்பும் தெளியத் தொடங்கியது என நம்பினார். பார்வை பூரணமாக மீண்டது என்று அவர் கூறவில்லை. முன்பிலும் ஏறக்குறைய இரு மடங்கு நன்றாக, களைப்பின்றிப் பார்க்க முடிகிறது என்றே கூறினார். நன்றிக்கடனாக 1942இல் பார்க்கும் கலை என்னும் பொருள்படும் நூலை எழுதினார். பேட்ஸைப் பலர் மறந்துவிட்ட வேளையில், அவரது முறையை உலகெங்கும் கொண்டு சென்றது ஹக்ஸ்லியின் புகழே எனலாம். அவரது நண்பரும், அடையாறில் வளர்ந்து உலகம் சுற்றிய தத்துவ ஞானியுமான ஜே. கிருஷ்ணமூர்த்தி அவரிடம் இப்பயிற்சிகளைக் கற்று முதுமை வரை நாள்தோறும் செய்து வந்தார். பேட்ஸின் முறையைத் தழுவி டொக்டர் ஆர்.எஸ். அகர்வால் என்ற இந்தியக் கண் வைத்தியர் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் ஒரு பயிற்சி நிலையத்தையே தொடங்கினார். தமிழ் பேசும் மக்களிடையே கண் பயிற்சி பற்றிய பேச்சுப் பரவியதற்கு இதுவும் ஒரு வாயில்.

எனினும், கண் வைத்தியர்கள் இதனை ஏற்கவில்லை. பிரித்தானியாவின் தலைசிறந்த கண் வைத்தியராகக் கருதப்பட்ட சேர் ஸ்டுவர்ட் டியூக் எல்டர், 1943இல் நூலை விமர்சித்து, அதன் அடிப்படையே தவறு என எடுத்துக் காட்டினார். தூரத்திலும் அண்மையிலும் உள்ள பொருட்களுக்கு ஏற்பக் கண்ணினுள்ளே இருக்கும் வில்லையே வளைந்து கொடுக்கின்றது என்பது அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே நிறுவப்பட்ட உண்மை. பேட்ஸோ வில்லைக்கு அதில் பங்கில்லை, கண்ணைச் சூழ்ந்த வெளித்தசைகளே விழிக்கோளத்தை அமுக்கி நீட்டுகின்றன என்றார். இது பிழையானது. குறும்பார்வை பெரும்பாலும் விழிக்கோளம் அளவுக்கு மிஞ்சி நீளமாக வளர்வதால் ஏற்படுவது. நீண்டுவிட்ட கோளத்தை எந்தத் தளர்த்தல் பயிற்சியாலும் சுருக்க முடியாது. நாற்பதைக் கடந்தோர் குர்ஆனையோ தேவாரத்தையோ வேதாகமத்தையோ கையை நீட்டித் தள்ளிப் பிடித்து வாசிப்பது, வயதுடன் வில்லை விறைத்துப் போவதனால். அதுவும் பயிற்சிக்கு மசிவதில்லை.

1952இல் ஹொலிவூட் விருந்தொன்றில் ஹக்ஸ்லி உரையாற்றினார். கண்ணாடியில்லை, கையிலுள்ள தாளைப் பார்த்துச் சரளமாக வாசிப்பது போலவே தோன்றியது. திடீரெனத் தடுமாறினார். தாளைக் கண்ணருகே மேலும் மேலும் கொண்டு சென்றார். ஈற்றில் சட்டைப்பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துத்தான் விட்ட இடத்தைத் தேடிப்பிடித்தார். அதுவரை அவர் மனப்பாடமாகவே பேசியிருக்கிறார் என்பது சபைக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கிருந்த பதிப்பாளர் பெனட் சேர்ப், அந்த வேதனையான கணத்தைப் பின்னர் எழுதி வைத்தார்.

இதைக் கொண்டு ஹக்ஸ்லியை ஏமாற்றுக்காரர் என்று கூறுதல் நீதியாகாது. நல்ல வெளிச்சம் இல்லாவிடின் உருப்பெருக்கியின் துணை தேவை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அவரது நோய், எமது பிள்ளைகளுக்குள்ள குறும்பார்வை அன்று, விழிவெண்படலத் தழும்பு. அது காலப்போக்கில் ஓரளவு தெளிந்திருக்கலாம். பதற்றம் நீங்கியதால், எஞ்சிய பார்வையைச் சிக்கனமாகவும் கவனமாகவும் பயன்படுத்த அவர் கற்றிருக்கலாம். அது சிறுமையல்ல. ஆனால், தனக்குக் கிடைத்த ஆறுதலை அனைவருக்குமான மருந்து என அவர் எழுதியதுதான் தவறாயிற்று. அத்தவறு அவரது புகழின் மீதேறி நெடுந்தூரம் பயணம் செய்தது.

பார்வை பற்றிய ஆராய்ச்சியில் இஸ்லாமிய உலகு விட்டுச் சென்ற பாடமொன்றை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். 10ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் பணியாற்றிய இப்னு அல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் புகுந்து காட்சியாகிறது எனக் கிதாப் அல் மனாழிர் என்ற பெருநூலில் நிறுவினார். முன்னோர் கூறினர் என்பதற்காக எதையும் ஏற்கக் கூடாது, சோதித்தே ஏற்க வேண்டும், ஆராய்பவன் தன்னையும் சந்தேகிக்க வேண்டும் என்பது அவரது நெறி. பேட்ஸ் தமது கருத்தைச் சந்தேகிக்கவில்லை. ஹக்ஸ்லி தமது அனுபவத்தைச் சந்தேகிக்கவில்லை.

அப்படியாயின் பயிற்சிகளை முற்றாக ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. கணினியையும் கைத்தொலைபேசியையும் ஓயாது நோக்கும்போது நாம் இமைக்க மறக்கின்றோம். கண் உலர்ந்து எரிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்திலுள்ளதை இருபது விநாடி நோக்குவது கண்ணுக்கு ஓய்வு தரும். உள்ளங்கையால் கண்ணைப் பொத்திச் சற்று அமர்ந்திருப்பதால் தீங்கில்லை. இரு கண்களும் அண்மைப் பொருளில் ஒன்றுகூடத் தவறும் குறைபாட்டுக்கு வைத்தியர்களே பயிற்சி அளிக்கின்றனர். ஆனால், சூரியனை நோக்குமாறு எவர் கூறினும் கேட்கலாகாது. விழித்திரையை அது நிரந்தரமாகச் சுட்டுவிடக் கூடும்.

குறும்பார்வை தோன்றாமல் தடுப்பதில் இன்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டும் வழி மிக எளியது: பிள்ளைகள் பகல் வெளிச்சத்தில் வெளியே கூடுதல் நேரம் விளையாட வேண்டும். ஏற்கனவே தோன்றியதன் வேகத்தைக் குறைக்க, மிகக் குறைந்த செறிவுள்ள அத்ரோபின் சொட்டு மருந்தை வைத்தியர்கள் பயன்படுத்துகின்றனர். மாணவன் ஹக்ஸ்லி வேறொரு தேவைக்காகக் கண்ணில் இட்ட அதே மருந்து, இன்று வைத்தியரின் கண்காணிப்பில் சிறுவர்களுக்கு உதவுகிறது.

தாமதத்தின் விலையையும் பெற்றோர் உணர வேண்டும். ஒரு கண் மங்கலாக இருக்கும் சிறு பிள்ளைக்கு உரிய காலத்தில் கண்ணாடி கொடுக்காவிடின், மூளை அக்கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடும். ஏழெட்டு வயதுக்கு முன்னர் இது எளிதில் திருத்தக்கூடியது. பின்னர் திருத்துவது கடினம். பயிற்சி செய்து பார்ப்போம் என்று கழிக்கும் இரண்டு ஆண்டுகள், ஒரு கண்ணின் ஆயுட்காலப் பார்வையாக இருக்கக் கூடும்.

ஹக்ஸ்லியின் இறுதி ஆண்டுகளும் சோதனை மிகுந்தவை. 1955இல் மரியா காலமானார். 1961இல் வீடு தீக்கிரையாகி நூல்களும் கடிதங்களும் அழிந்தன. தப்பிய கையெழுத்துப் பிரதி 1962இல் தீவு என்ற பொருள்படும் பெயருடன் நாவலாக வெளிவந்தது. கவனமாக வாழுமாறு மனிதருக்கு நினைவூட்டப் பறவைகள் பழக்கப்பட்டிருக்கும் கற்பனைத் தீவின் கதை அது. 1963 நவம்பர் 22ஆம் திகதி புற்றுநோயால் அவர் மறைந்தார். ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதும் அன்றே. ஆதலால் அவரது மரணச் செய்தி உலகின் கண்ணில் பெரிதாகப் படவில்லை.

அரைகுறைப் பார்வையுடன் அரை நூற்றாண்டு உழைத்த அம்மனிதரின் மனவுறுதியை எமது பிள்ளைகள் கற்கட்டும். கண்ணாடி பற்றிய முடிவைக் கண் வைத்தியரிடமே விடுவோம். அரசாங்க வைத்தியசாலைகளின் கண் சிகிச்சைப் பிரிவுகள் கட்டணமின்றிச் சேவையாற்றும் நாடு இது. பிள்ளை கரும்பலகையைப் பார்க்க முன்வரிசைக்கு நகர்ந்தாலோ, புத்தகத்தை முகத்தோடு வைத்து வாசித்தாலோ, அயலவரின் ஆலோசனைக்குக் காத்திராமல் அங்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.