மௌனம் காத்த பாதிரியார்

வகுப்பில் மதச் சுதந்திரம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் எனக்கு ஜோன் கோர்ட்னி மரே நினைவுக்கு வருவார். 1904இல் நியூயோர்க்கில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். இயேசு சபையைச் சேர்ந்தவர். மேரிலாந்தின் வூட்ஸ்டொக் கல்லூரியில் இறையியல் கற்பித்தார்.

கத்தோலிக்கர் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் அரசு ஏனைய மதங்களின் பகிரங்க வழிபாட்டைக் கட்டுப்படுத்தலாம். சிறுபான்மையாக உள்ள நாட்டில் கத்தோலிக்கருக்கு முழுச் சுதந்திரம் வேண்டும். இதுவே அன்று பரவலாகக் கற்பிக்கப்பட்ட பாரம்பரியப் போதனை. இந்த இரட்டை அளவுகோலை மரே ஏற்கவில்லை. மனச்சாட்சியை நிர்ப்பந்திக்க எந்த அரசுக்கும் அதிகாரம் கிடையாது என்று எழுதினார்.

வத்திக்கானில் கர்தினால் ஒட்டாவியானி கடுமையாக எதிர்த்தார். 1955இல் இவ்விடயம் பற்றி எழுதுவதை நிறுத்துமாறு மரேக்குப் பணிக்கப்பட்டது. அவர் சபையை விட்டு வெளியேறவில்லை, கட்டுப்பட்டு மௌனமானார். 1962இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியபோதும் அவருக்கு அழைப்பில்லை. மறு வருடம் நியூயோர்க் கர்தினால் ஸ்பெல்மன் அவரை நிபுணராக அங்கு கொண்டு சேர்த்தார். பேராயர் லெபெவ்ர் போன்றோர் எதிர்த்து வாதாடினர். ஆயினும் மரே வரைவதில் பங்கெடுத்த மதச் சுதந்திரப் பிரகடனம் 1965 டிசம்பர் 7இல் நிறைவேறியது. ஆதரவாக 2,308 வாக்குகள், எதிராக 70. 1967இல் மரே காலமானார்.

சிறுபான்மையாக வாழும் நாம் நமது உரிமைகளைக் கேட்கிறோம், அது நியாயமே. ஆனால் நாமே பெரும்பான்மையாக உள்ள ஊரில், மாற்றுக் கருத்துள்ள சகோதரருக்கு நிம்மதியாகத் தொழ இடம் கொடுக்கிறோமா? மாணவரிடம் கேட்குமுன் இதை என்னிடமே கேட்டுக்கொள்கிறேன்.