பூச்சியின் வாயைப் பார்த்தவர்

ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி பக்கம் வீட்டுமனை ஆகாமல் மிஞ்சியிருக்கும் வயல்களில், வரப்போரத்து மண்கட்டியைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு சின்ன வண்டு விருட்டென்று ஓடும். அது பயிரைத் தின்பதா, பயிரைத் தின்னும் புழுவைத் தின்பதா? மருந்து தெளிக்கும் முன் இது தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வழிகாட்டியவர் யோஹான் கிறிஸ்தியன் ஃபேப்ரிசியஸ். வேப்பேரியில் வாழ்ந்து தமிழ் அகராதி தொகுத்த ஃபேப்ரிசியஸ் பாதிரியார் வேறு, இவர் வேறு.

இவர் 1745-ம் ஆண்டு டென்மார்க்கின் தோண்டர் நகரில் பிறந்தார். சுவீடன் சென்று, உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் பயின்றார். 1775 முதல் கீல் பல்கலைக்கழகத்தில் இயற்கை வரலாறும் பொருளாதாரமும் கற்பித்தார்.

பூச்சிகளை லின்னேயஸ் இறக்கையை வைத்துப் பிரித்தார். ஃபேப்ரிசியஸ் வாயுறுப்புகளை வைத்துப் பிரித்தார். எதைத் தின்கிறது, எப்படித் தின்கிறது என்பதை வாயே காட்டிவிடும் என்பது அவர் கணக்கு.

அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. ஆனால் நம் பூச்சிகள் அவரிடம் போய்ச் சேர்ந்தன. அப்போது டென்மார்க் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1768-ல் மருத்துவராக வந்த கோனிக்கும் லின்னேயஸின் மாணவர்தான். அவர் சேகரித்த பூச்சிகள் பலவற்றுக்கு ஃபேப்ரிசியஸ் பெயர் வைத்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இருப்பது இந்தக் கோனிக்கின் பெயரே. தமிழகத்தின் வறண்ட நிலங்களில் காணப்படும், கறுப்பு உடலில் ஆறு வெள்ளைப் புள்ளிகள் கொண்ட பெரிய தரை வண்டுக்கும் 1775-ல் பெயர் வைத்தவர் ஃபேப்ரிசியஸ். 1808-ல் கீல் நகரில் அவர் மறைந்தபோது, அவர் பெயரிட்ட பூச்சியினங்கள் பத்தாயிரத்தை நெருங்கியிருந்தன.

அவர் வழியில் நீங்களும் பார்க்கலாம். பிளாஸ்டிக் கப் ஒன்றின் அடியில் சிறு துளைகள் இட்டு, வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி வரப்போரம் மாலையில் புதைத்து வையுங்கள். தரை வண்டுகளில் பெரும்பாலானவை இரவில்தான் இரை தேடும். காலையில் கப்பில் விழுந்திருப்பதை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அரிவாள் போல முன்னோக்கி நீண்ட தாடை, நூல் போன்ற உணர்கொம்பு, ஓடுவதற்கேற்ற நீண்ட கால்கள் இருந்தால் அது பெரும்பாலும் தரை வண்டுதான். முகம் தும்பிக்கை போல நீண்டிருந்தால் அது கூன்வண்டு. வெறும் கையால் பிடிக்க வேண்டாம். சில தரை வண்டுகள் எரிச்சலூட்டும் திரவத்தைப் பீய்ச்சும்.

நெல் வயலில் ஓபியோனியா என்ற தரை வண்டைத் தேடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம். செம்பழுப்பு உடலில் கருநீலப் பட்டைகள். இலைச்சுருட்டுப் புழு மடக்கிய இலைக்குள் நுழைந்து, நாளொன்றுக்கு 3 முதல் 5 புழுக்களைத் தின்னும். கண்ணில் பட்டதும் மருந்தடித்தால் புழுவோடு இதுவும் சாகும். அடுத்து வரும் புழுவைத் தின்ன வயலில் ஆள் இருக்காது. வண்டைக் கண்டால், முதலில் அதன் வாயைப் பாருங்கள்.