காவலூரும் வைணு பாப்புவும்

ஜவ்வாது மலைக்குச் செல்பவர்கள் ஆலங்காயத்தைக் கடந்தால் காவலூர் என்னும் சிற்றூரைக் காணலாம். உலக வானியலார் நன்கறிந்த ஊர் அது. அப்பெருமையைத் தேடித் தந்தவர் டாக்டர் வைணு பாப்பு.

இவர் 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணி புரிந்தவர். எனவே இளமையிலேயே விண்மீன்கள் மீது இவருக்குப் பற்று உண்டாயிற்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, 1949இல் ஒரு புகைப்படக் கண்ணாடித் தகட்டில் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் பெயரில் இன்றும் இவர் பெயர் உள்ளது. விண்மீனின் ஒளியிலுள்ள கால்சியக் கோட்டின் அகலத்தைக் கொண்டு அதன் உண்மையான பிரகாசத்தை அறியலாம் என்று 1957இல் வில்சன் என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார். அயல்நாட்டிலேயே தங்கியிருக்கலாம், ஆனால் தாய்நாடு திரும்பினார்.

1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பு இவரிடம் வந்தது. அங்கே 1904 முதல் சூரியனைப் படமெடுத்த கண்ணாடித் தகடுகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒரு தகடு கீழே விழுந்து உடைந்தால் அந்த நாளின் சூரியன் போனதுதான். 1910ஆம் ஆண்டுச் சூரியனை இனி யாரால் படமெடுக்க முடியும்? பிற்காலத்தில் அத்தகடுகள் கணிப்பொறியில் படி எடுக்கப்பட்டன. மூலம் ஓரிடத்திலும் படி வேறிடத்திலும் இருந்தால் தீயோ மழையோ இரண்டையும் ஒருசேர அழிக்காது.

தோழியரே, நம் வீட்டுக் கணிப்பொறியும் அப்படித்தான். அதிலுள்ள குடும்பப் படங்களுக்குப் பெரும்பாலும் வேறு படி இருப்பதில்லை. இணையத்தின் வழியே தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு ஒரு படியை அனுப்பி வைக்கலாம். சூரியனின் படத்தை எவர் பார்த்தாலும் கேடில்லை. வீட்டுப் படம் அவ்வாறன்று. ஆகவே அனுப்புமுன் நம் கணிப்பொறியிலேயே கடவுச்சொல்லிட்டு அதைப் பிறருக்குப் புரியாத குறிகளாக மாற்றிவிட வேண்டும். அச்சொல்லை மறந்தால் நமக்கும் அது திறவாது. அதனால் அதைத் தாளில் எழுதிப் பெட்டியில் வைப்பது நலம். அவ்வப்போது ஒரு படத்தைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதும் தேவை. திரும்பி வராத படி இருந்தென்ன, இல்லாமலென்ன!

இனிப் பாப்புவின் கதைக்கு வருவோம். இரவு வானை ஆராய வேறோர் இடம் தேடிய அவர், நகர வெளிச்சம் எட்டாத காவலூரைத் தேர்ந்தெடுத்தார். தென்திசை விண்மீன்களையும் இங்கிருந்து காணலாம். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியும், 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் வந்தன. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்குண்டு.

1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். இந்தியாவிலேயே பெரிய தொலைநோக்கி ஒன்றைச் செய்ய வேண்டுமென்பது அவர் கனவு. பணி முடியுமுன், 1982ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள் ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். வயது 55. 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட அத்தொலைநோக்கியை 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். அதற்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது.