செய்திக்கு எல்லை கண்ட அறிஞர்

வானிலே வலம்வரும் செய்மதிகளுக்கு இரு வறுமைகள் உள. ஒன்று மின்வலு, மற்றையது மீடிறன் பட்டை. முன்னது சூரியப் பலகைகள் தருமளவே. பின்னதையோ பல நாடுகளும் பல சேவைகளும் பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும். இவ்வறுமைக்குள் எவ்வளவு செய்தியை அனுப்பலாம் என்னும் வினாவுக்கு, 1957இல் முதற் செய்மதி வானேறுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே விடை கண்டவர் குளோட் சனன்.

1916ஆம் ஆண்டு ஏப்ரில் 30ஆம் நாள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திற் பிறந்த இவர், கேலோர்ட் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். சிறுவனாயிருந்தபோதே முட்கம்பி வேலியைத் தந்திக் கம்பியாக்கி, அரை மைல் தொலைவிலிருந்த தோழனோடு செய்தி பரிமாறினார். மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 1937இல் எழுதிய முதுமாணி ஆய்வில், மின்னாளிகளின் திறத்தலும் மூடலும் தருக்கக் கணிதத்துக்கு அமைவன என நிறுவினார்.

1941இற் பெல் ஆய்வுகூடத்திற் சேர்ந்து, போர்க்காலத்தில் இரகசியக் குறியீடுகளை ஆராய்ந்தார். இரைச்சல் மிகுந்தால் பிழையைத் தவிர்க்க வேகத்தை மேலும் மேலும் குறைப்பதே வழி என அந்நாளைய பொறியியலாளர் எண்ணினர். 1948இல் வெளியான சனனின் கட்டுரை அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. ஒவ்வொரு செய்திவழிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதற்குட்பட்ட வேகத்தில், தக்க குறிமுறையைக் கையாண்டால், பிழையை வேண்டியவாறு குறைக்கலாம் என அவர் காட்டினார்.

அக்கொள்ளளவு பட்டையின் அகலத்தோடு நேராக வளரும். வலுவோடு மடக்கை முறையில் மெல்லவே வளரும். குறிப்பலையின் வலு இரைச்சலின் 15 மடங்காயின், ஒரு ஹேர்ட்ஸ் பட்டையிலே செக்கனுக்கு 4 பிட் வரை அனுப்பலாம். அதனை 8 ஆக்க விரும்பின் 255 மடங்கு வேண்டும்! செய்மதிக்கு இது எட்டாக்கனி. ஆதலின் குறிமுறையைச் செப்பனிடுவதே வழியாயிற்று.

ஆயின், நல்ல குறிமுறை உண்டென நிறுவிய சனன், அது எதுவென வகுத்துத் தரவில்லை. 1960இல் அந்நிறுவகத்திலேயே ரொபர்ட் கலகர் ஒன்றை வகுத்தார். அக்காலக் கணனிகளுக்குப் பெருஞ்சுமையாதலின் அது மறக்கப்பட்டது. 1993இற் பிரான்சிய ஆய்வாளர் வெளியிட்ட ரேர்போ குறிமுறையே சனனின் எல்லையை மிக நெருங்கியது. பின்னர் கலகரின் முறையும் மீண்டெழுந்து, செய்மதித் தொலைக்காட்சியின் இரண்டாந் தலைமுறை நியமத்தில் இடம்பெற்றது.

ஒற்றைச் சில்லு வண்டியோட்டியும் பந்துகளை வீசிப்பிடித்தும் மகிழ்ந்த அம்மேதை, இவ்வெற்றிகளை அறிந்து களிக்கும் பேறு பெற்றிலர். அவ்வாண்டுகளில் அல்சைமர் நோய் அவர்தம் நினைவைச் சிறுகச் சிறுகக் கவர்ந்துகொண்டிருந்தது. இரைச்சலினின்றும் செய்தியைக் காக்க வழிகண்டவர், தம் நினைவைக் காக்க வழியின்றி, 2001ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள் மறைந்தார். அவர் வகுத்த எல்லையை இன்றுவரை எச்செய்மதியும் கடந்ததில்லை.