மஸீஹுல் முல்க் ஹகீம் அஜ்மல்கான்

நோயாளியைச் சென்று நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று என நம் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். காய்ச்சலில் படுத்தவரைப் பார்க்க நாம் ஓடோடிச் செல்கிறோம். பத்து வருடமாக நீரிழிவோடும் மூட்டு வலியோடும் போராடுகிறவரை மறந்து விடுகிறோம். முதல் மாதம் பழத்தோடு வந்த உறவினர் இரண்டாம் வருடம் வாசலை எட்டிப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்டவர் தம் வேதனையைச் சொல்லி ஆற, பல சமயம் வைத்தியர் ஒருவர்தான் மிச்சம். அவரும் முகத்தை ஏறிட்டுப் பாராமல் மருந்துச் சீட்டை நீட்டினால் அந்த நெஞ்சு என்ன பாடுபடும்!

இதை எண்ணும்போது நமக்கு மர்ஹூம் ஹகீம் அஜ்மல்கான் சாஹிப் அவர்களின் நினைவு வருகிறது. காங்கிரஸ், முஸ்லிம் லீக், கிலாபத் இயக்கம் ஆகிய மூன்றிலும் தலைமைப் பொறுப்பு வகித்தவர் என்றே அன்னாரைப் பலரும் அறிவர். அந்த வரலாற்றை இங்கே விரிக்கப் போவதில்லை. வைத்தியராக அன்னார் வாழ்ந்த வாழ்வே நம் வீடுகளில் பேசப்பட வேண்டியது.

மொகலாய அரசவையில் வைத்தியம் பார்த்த ஹகீம் ஷரீப்கான் அவர்களின் வழியில், 1868-ல் டில்லியில் பிறந்தார்கள். இளமையிலேயே குர்ஆனை மனனம் செய்து ஹாபிஸானார்கள். தந்தையாரிடமும் மூத்த சகோதரர்களிடமும் யூனானி கற்று, 1892-ல் ராம்பூர் நவாபின் வைத்தியரானார்கள். சகோதரர்கள் இருவரும் அடுத்தடுத்து காலமானபின், டில்லி பல்லிமாரானில் இருந்த குடும்ப வைத்தியசாலையின் பாரம் அன்னாரின் தோளில் விழுந்தது.

வெளியூர்ச் செல்வந்தர் அழைத்தால் நாளொன்றுக்கு 1000 ரூபாய். ஏழை நோயாளியிடம் ஒரு காசும் வாங்குவதில்லை. அக்காலத்து 1000 ரூபாய் எத்தகைய தொகை என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். நாட்பட்ட நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! ஒருநாள் செலவென்றால் கடன் வாங்கியாவது சமாளிக்கலாம். மாதா மாதம் வந்தாக வேண்டியவர், கையில் காசில்லாத மாதம் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்து விடுவார். கூச்சமில்லாமல் திரும்பி வரச் செய்வதும் சிகிச்சைதான்.

அன்னார் கற்ற யூனானி முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. வைத்தியர் நாடியை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. காற்று, உணவும் பானமும், உடலின் உழைப்பும் ஓய்வும், மனத்தின் அசைவும் அமைதியும், உறக்கமும் விழிப்பும், கழிவுகள் வெளியேறுவதும் தங்குவதும் என ஆறு விஷயங்களை விசாரித்தாக வேண்டும். மனத்தின் அசைவு என்பதில் கவலை, கோபம், பயம் எல்லாம் அடங்கும். ஆக, இன்ன துக்கம் என்னைத் தின்கிறது என்று நோயாளி சொல்வதைக் கேட்பது வைத்தியரின் பெருந்தன்மையல்ல. வேலையிலேயே ஒரு பகுதி.

இது வெறும் மன ஆறுதல் என்று சிலர் ஒதுக்கக்கூடும். 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, இத்தாலியின் பார்மா பகுதியில் 242 மருத்துவர்களையும் அவர்களிடம் சிகிச்சை பெற்ற 20,961 நீரிழிவு நோயாளிகளையும் எடுத்துக்கொண்டது. நோயாளியின் நிலையை உணரும் தன்மை மிகுந்த மருத்துவர்களிடம் பார்த்தவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படியான கடும் சிக்கல்கள் குறைவாகவே நேர்ந்திருந்தன.

ஹகீம் சாஹிபின் கவனம் பெண்கள் பக்கமும் திரும்பியது. ஆண் வைத்தியரிடம் சொல்ல நாணி, வருடக்கணக்கில் வேதனையை விழுங்கும் தாய்மார்கள் அன்றும் உண்டு, இன்றும் நம் குடும்பங்களில் உண்டு. 1909-ல் டில்லியில் பெண்களுக்கென்றே ஒரு வைத்தியப் பள்ளியைத் திறந்தார்கள். பர்தாவையும் சிகிச்சையையும் ஒருசேரக் காத்த ஏற்பாடு என்றே இதை நாம் கருதுகிறோம்.

பின்னர் டில்லி கரோல்பாக்கில் எழுந்த ஆயுர்வேத யூனானி திப்பியா கல்லூரியை 1921 பிப்ரவரி 13-ல் திறந்து வைத்தவர் காந்திஜி. 1909-ல் தாம் எழுதிய நூலில் டாக்டர்களைக் கடுமையாகச் சாடியிருந்தவர் அவர்! ஹகீம் சாஹிபின் மீது அவருக்கு அத்தனை மதிப்பு.

ஆங்கில அரசு அன்னாருக்கு ஹாஸிகுல் முல்க் என்ற பட்டம் அளித்திருந்தது. தேர்ந்த திறமைசாலி என்பது அதன் கருத்து. 1920-ல் அன்னார் அதைத் திருப்பிக் கொடுத்து விட்டார்கள். மக்கள் சூட்டிய பெயரோ மஸீஹுல் முல்க். அல்லாஹ்வின் அனுமதி கொண்டு பிறவிக் குருடரையும் குஷ்டரோகியையும் குணப்படுத்திய ஈஸா (அலை) அவர்களை நினைவூட்டும் பெயர் அது. ஷிபா தருபவன் அல்லாஹ் ஒருவனே என்பதை மக்கள் அறியாமலா இப்பெயரைச் சூட்டினார்கள்? எல்லாராலும் கைவிடப்பட்ட நோயாளிகள் அன்னாரின் அருகில் எதைக் கண்டார்களோ, அதற்கு அவர்கள் தேடிக்கொண்ட சொல் அது. அரசு திறமையைப் பார்த்தது. நோயாளிகள் வேறொன்றையும் பார்த்தார்கள்.

1927 டிசம்பர் 29-ல் ராம்பூரில் இருதய நோயால் வஃபாத்தானார்கள். நான்கு வருடம் கழித்து, விஞ்ஞானி ஸலீமுஸ்ஸமான் சித்தீகி சர்ப்பகந்தி வேரிலிருந்து ஒரு மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு அன்னாரின் ஞாபகமாக அஜ்மலின் என்று பெயரிட்டார். இருதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும்போது கையாளப்பட்ட மருந்து அது.

அல்லாஹு தஆலா அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.